நாற்றம் நின்றபோது

எனக்குப் பயம் ஜாஸ்தி. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. லிஃப்டில் ஏறினால் கதவு திறக்கிற வரைக்கும் வாயில் ஏதாவது ஓதிக்கொண்டே இருப்பேன். கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டேன். கரண்ட் வேலைதான் பிழைப்பு, ஆனால் மெயினை நானே அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, அதற்கு மேலும் ஒருமுறை புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வயரைப் பிடிப்பேன். வளைகுடாவில் படகுகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்த வருஷங்களில் கூட வேலை பார்த்தவர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுதினால் என் பிள்ளைகள் படிப்பார்கள். ஊர் திரும்பி, சிதம்பரத்தில் வீடு பிடித்து, கடலூர் துறைமுகத்துப் படகுகளுக்கு மோட்டார், பம்ப், பேனல் என்று பார்க்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பயம் என்னை விட்டுப் போகவில்லை.

மச்சான் எனக்கு நேர் எதிர். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. எங்கள் வழக்கப்படி எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நானும் மச்சான்தான். முப்பது வயசைத் தாண்டியவன், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. என்னோடு சேர்ந்து தொழில் செய்கிறவன். ஓடுகிற மோட்டார் மேல் கையை வைத்துக்கொண்டு போனில் பேசுவான். அவனிடம் வாயைத் திறந்தாலே எனக்குக் கேலிதான்.

"கோழி கொத்த வந்தாலே இவுரு கலிமா சொல்லுவாரு" என்று, சாகப் போகிறவன் சொல்கிற கலிமாவை இழுத்து என் மனைவியிடம் சொல்வான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரிக்கட்டும். எனக்கு இருந்த ஒரே கவலை, இவனுக்கு இத்தனை வயசாகியும் ஒரு சின்னப் பயம்கூட வரவில்லையே என்பதுதான். தொழுதுவிட்டுக் கை ஏந்தும்போதெல்லாம், இவனுக்குக் கொஞ்சம் பயத்தைக் கொடு என்று கேட்டிருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்தப் படகு செம்மண்டலத்து முதலாளி ஒருவருடையது. கேரளத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு அடுக்கு உல்லாசப் படகு. வாங்கிக்கொண்டு வந்து, கடலூர் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஆற்றில் கட்டியிருந்தார். பிறந்தநாள், காதுகுத்து, கம்பெனி ஆட்கள் என்று ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் வரை போய்த் திரும்பும். அதில் இரண்டு கக்கூஸ். கழிவை ஆற்றில் விடக்கூடாது என்பதால் படகின் பின்பக்கம், தளத்துக்கு அடியில், ஒரு பெரிய பிளாஸ்டிக் டேங்க். அதில் சேர்வதைப் பம்ப் போட்டு மேலே ஏற்றி, கரையில் நிற்கிற லாரிக்குக் கொடுத்துவிட வேண்டும். பம்பின் சுவிட்சும் விளக்குகளும் முன்பக்கம் டிரைவர் அறையில் ஒரு பேனலில் இருந்தன. பம்ப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது என்று எங்களைக் கூப்பிட்டார்கள்.

மச்சான் பைக் ஓட்ட, நான் பின்னால் டூல் பெட்டியையும் காற்று ஊதுகிற புளோயரையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செம்மங்குப்பம் வந்ததும் வழக்கம்போல அந்தக் கெமிக்கல் வாடை மூக்கில் ஏறியது. நான் கைக்குட்டையை எடுத்தேன். மச்சான் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "இங்க இருக்கிறவங்களுக்கு இது தெரியறதேயில்ல மச்சான். நீங்கதான் மூக்கப் புடிக்கிறீங்க" என்றான். ரோட்டைப் பார்த்து ஓட்டுடா என்றேன்.

படகில் காலை வைத்ததுமே கைக்குட்டையைத் திரும்ப எடுத்தேன். அழுகின முட்டை வாடை. வெயில் ஏற ஏற அது கூடிக்கொண்டே போனது. படகு டிரைவர் துறைமுகத்துப் பக்கத்து ஆள், வயசில் எனக்கு மூத்தவர், நல்ல மனுஷர். வாயில் பாக்கோடு வந்து வரவேற்றார்.

"ரெண்டு வாரமா இந்த நாத்தத்தோட மாரடிக்கிறோம் பாய். ஞாயித்துக்கெழம ஒரு பார்ட்டி புக் ஆயிருக்குது. மொதலாளி போன் மேல போன் போடறாரு. எப்படியாச்சும் இன்னிக்கே முடிச்சி உட்ருங்க."

பேனலைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் எல்லா சுவிட்சு மேலும் காய்ந்து கிடந்தன. அது பரவாயில்லை. டேங்க் நிறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கைக் காணோம். அந்த இடத்தில் ஒரு தாமரைப் பூ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"இது யாருண்ணே ஒட்டுனது?"

"நாந்தான். செவப்பு லைட்டு எரிஞ்சிக்கினே இருந்தா ஏறி வர்ற பொம்பளைங்கல்லாம் படகு முழுவப் போவுதான்னு கேக்கறாங்க பாய். அதான் மறைச்சிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்ன விதத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. ஸ்டிக்கரை உரித்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. எத்தனை நாளாக அது யாரும் பார்க்காமல் அங்கே எரிந்திருக்குமோ.

பேனலைத் திறந்தேன். உப்புக் காற்றில் முனைகளெல்லாம் பச்சை பூத்திருந்தன. சுரண்டி, முறுக்கி, இரண்டு வயரை மாற்றினேன். படகு கட்டியிருந்த ஜெட்டி மேடையில் நீல டிரம்கள் வைத்து, வெளியேற்றும் குழாயை அதில் விட்டுப் பம்பைப் போட்டோம். நன்றாகத்தான் ஓடியது. டிரம்மில் கருப்பாய் விழ ஆரம்பித்தது. பிறகு சத்தம் மாறியது. மோட்டார் மூச்சு முட்டுவது போல உறுமியது. என் கையில் இருந்த மீட்டரில் கரண்ட் ஏறிக்கொண்டே போய், பேனலில் பிரேக்கர் டக்கென்று விழுந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுப் போட்டால் திரும்ப ஓடுகிறது, திரும்ப உறுமுகிறது, திரும்ப விழுகிறது.

"லாரிக்காரன் வந்து அவனோட பம்புல உறிஞ்சிப் பாத்தான் பாய்" என்றார் டிரைவர். "டேங்கு டொம்முன்னு ஒரு சத்தம் போட்டுது பாருங்க. அவன் பைப்ப சுருட்டிக்கினு ஓடியே போய்ட்டான்."

இப்போது நினைத்தால், அந்தச் சத்தத்தைச் சொன்னபோதே எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். டேங்கிலிருந்து எடுக்க எடுக்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். காற்று வரவில்லை என்றால் பம்ப் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு நிற்கும், பிளாஸ்டிக் டேங்க் உள்வாங்கும். காற்றுக்கென்று ஒரு குழாய் டேங்கிலிருந்து படகின் விலாப்பக்கம் போய் வெளியே திறக்கும். "காத்துக் கொழா இருக்குல்லண்ணே?" என்று கேட்டேன். "எல்லாம் இருக்குது பாய்" என்று பாக்கை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். நான் அதை நம்பினேன்.

மச்சான் வேறு ஒன்றை முடிவு செய்திருந்தான். "கொழந்தைங்களுக்குக் கட்டுற பேம்பர்ஸ் போயி மாட்டியிருக்கும் மச்சான். டேங்கு மூடியத் தொறந்து கைய உட்டா வந்துடும்."

"தொறக்கக் கூடாது" என்றேன். "புளோயரப் போட்டு நல்லா காத்து ஏத்துன பெறகுதான் மூடியில கை வைக்கணும். அதுவரைக்கும் நீ மூடிகிட்ட போவாத."

அவன் டிரைவரைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் பார்த்தேன்.

தளத்தில் ஒரு சதுரக் கதவு. அதைத் தூக்கினால் குட்டி இரும்பு ஏணி. கீழே ஆள் நிமிர முடியாது, குந்தித்தான் உட்கார வேண்டும். டேங்க், அதன் பக்கத்தில் பம்ப், சுற்றிலும் குழாய்கள். நான் ஏணியில் இடுப்பு வரை இறங்கினேன். அந்த இருட்டும் சூடும் அந்த வாடையும் சேர்ந்து என் நெஞ்சை அழுத்தின. மேலே ஏறிவிட்டேன். மச்சான் என்னைத் தாண்டிக்கொண்டு இறங்கி, பம்பின் முனையில் மீட்டரை வைத்துக்கொண்டு குந்தினான்.

"நீங்க போயி மேல சுவிட்சப் போடுங்க. எவ்ளோ ஓல்டேஜ் வருதுன்னு சொல்றேன்."

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் பேனலில், ஒருவன் கீழே. மேலே இருக்கிறவன் கத்த வேண்டும், கீழே இருக்கிறவன் பதில் கத்த வேண்டும். பதில் வராமல் எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது. இது நான் வைத்த சட்டம். நான் "போடவா" என்றால் அவன் "போடு" என்பான். அப்போது மட்டும் மரியாதை கிடையாது, நேரம் மிச்சம் என்பான்.

ஓல்டேஜ் சரியாகவே இருந்தது. ஆகப் பேனலில் குற்றமில்லை. இனி டேங்கைத் திறக்காமல் முடியாது. "அப்படியே மேல வா, புளோயருக்கு கனெக்ஷன் குடுக்கறேன்" என்று கத்தினேன். "சரி" என்று குரல் வந்தது. புளோயரைச் சதுரக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜெட்டியில் இருந்த கரண்ட் பெட்டிக்கு வயரை இழுத்துக்கொண்டு போனேன். பெட்டி தூரம். டிரைவர் வயரைச் சிக்கெடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

பெட்டியில் பிளக்கைச் சொருகினபோது மச்சான் குரல் கேட்டது. உற்சாகமாகத்தான் இருந்தான்.

"மச்சான்! தொறந்துட்டேன்! புஸ்ஸுன்னு காத்து வந்துச்சு பாருங்க!"

"மேல வாடா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"ஒண்ணுமில்ல மச்சான். இப்ப நாத்தமே இல்ல. சுத்தமா நின்னுடுச்சு."

அன்று அவனிடமிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

நாற்றம் இருக்கிற வரைக்கும் பயமில்லை. வளைகுடாவில் எங்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினார்கள். பாதிப் பேர் தூங்கினார்கள், நான் பயத்தில் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன். கழிவு அழுகினால் கிளம்புகிற அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். நாற்றம் நின்றுவிட்டது என்று ஆள் நினைப்பான். அடுத்த மூச்சிலோ அதற்கடுத்த மூச்சிலோ விழுவான். இந்தச் சாவை நாம் எல்லாரும் பேப்பரில் படித்திருக்கிறோம். செப்டிக் டேங்கில் ஒருவர் இறங்குவார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரைத் தூக்க மூன்றாமவர். அப்பா, மகன், பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசையாகப் போட்டோ போட்டிருப்பார்கள்.

சதுரக் கதவின் ஓரத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன். டார்ச் கீழே கிடந்து டேங்கின் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. மச்சான் டேங்க் மேல் கவிழ்ந்து கிடந்தான். ஒரு கை திறந்த மூடிக்குப் பக்கத்தில். முதுகு மட்டும் தெரிந்தது. சட்டையின் நீலக் கோடுகள்கூடத் தெரிந்தன. கை நீட்டினால் எட்டிவிடும் போல இருந்தது, ஆனால் எட்டாது. இறங்கினால்தான் எட்டும்.

நான் இறங்கவில்லை.

"மச்சான்! டேய்! போடவா?" என்று கத்தினேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று தெரியவில்லை. பதில் இல்லை. டிரைவர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். "ஐயோ பையன் உழுந்துட்டான்" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் காலை வைத்துவிட்டார். நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

"உடுய்யா! உடு! ஒன் மச்சான்யா அது! செத்துக்கினு இருக்கான், நீ வேடிக்க பாக்கற!"

"எறங்காதீங்கண்ணே! நீங்களும் செத்துருவீங்க!"

அவர் முழங்கையால் என் வாயில் இடித்தார். உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. நான் விடவில்லை. அவரைப் பின்பக்கம் இழுத்துத் தளத்தில் தள்ளி அவர் மேல் விழுந்தேன். அந்த மனுஷர் என்னைத் திட்டிய திட்டுகளில் ஒன்றுகூடத் தப்பில்லை. என் மனைவியின் தம்பி பக்கத்தில் செத்துக்கொண்டிருக்க, அவனைக் காப்பாற்றப் போகிறவரை நான் மல்லுக்கட்டித் தடுத்துக்கொண்டிருக்கிறேன். அதை விடப் பெரிய பயத்தை நான் அனுபவித்ததில்லை. அவன் சாவது பயம், இவர் சாவது பயம், எல்லாவற்றுக்கும் மேல் நான் சாவது பயம். வகுப்பில் படித்தது ஞாபகம் வந்து நான் நின்றேனா, கால் வராமல் நின்றேனா என்று கேட்டால், கால் வரவில்லை. ஞாபகம் அதற்குப் பிறகு வந்தது.

"கொக்கிக் கம்பு எடுங்கண்ணே" என்று கத்தினேன். படகை ஜெட்டிப் பக்கம் இழுக்க வைத்திருக்கிற நீளக் கம்பு, முனையில் இரும்புக் கொக்கி. அவர் அழுதுகொண்டே ஓடி எடுத்து வந்தார். நான் புளோயரைப் போட்டு அதன் துணிக்குழாயை உள்ளே விட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தளத்தில் குப்புறப் படுத்து, கம்பை இறக்கினேன். முதலில் சட்டையில் மாட்டி, சட்டை கிழிந்தது. வெளியே முகத்தைத் திருப்பி மூச்சு இழுத்துக்கொண்டு திரும்பக் குனிந்தேன். கொக்கி அவன் தோளில் உரசியது, முதுகில் உரசியது. கடைசியில் ஸ்குரூ டிரைவர் சொருகுகிற அந்தத் தடித்த தோல் பெல்ட்டில் மாட்டியது.

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். இடுப்பு முதலில் வந்தது, தலை கீழே தொங்கியது. கதவின் சதுரத்தில் அவன் கால் மாட்டிக்கொண்டது. டிரைவர் அந்தக் காலை ஏதோ வலை இழுப்பது போல இழுத்தார். அவன் வெளியே வந்து எங்கள் மேல் விழுந்தான்.

உதடு நீலம். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. காற்று வருகிற பக்கம் இழுத்துப் போட்டு நெஞ்சை அழுத்தினேன். அழுத்தும்போது அவன் பெயரைச் சொல்லவில்லை, கலிமாவும் சொல்லவில்லை. "ஒங்க லாத்தாவுக்கு நான் என்னடா சொல்லுவேன், ஒங்க லாத்தாவுக்கு நான் என்னடா சொல்லுவேன்" என்று அவன் அக்காவைச் சொல்லிச் சொல்லித்தான் அழுத்தினேன். ஒரு நேரத்தில் அவன் தொண்டையில் கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு வாந்தி. அந்த வாந்தியை இரண்டு கையாலும் துடைத்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கடலூர் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்ததும் டாக்டர் மச்சானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வண்டிக்குள் பார்த்தார்.

"இன்னொருத்தர் எங்க?" என்றார்.

"யாரு சார்?"

"காப்பாத்த எறங்கினவரு."

"யாரும் எறங்கல சார்."

அவர் ஒரு கணம் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஆக்சிஜன் வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த மாதிரி கேஸில் ஒருவர் மட்டும் வருவதை அவர் அதிகம் பார்த்ததில்லை போல. அன்று அது எனக்குப் பாராட்டாகத் தோன்றவில்லை.

அங்கிருந்து சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். என் மனைவியும் மாமியாரும் மச்சானின் மனைவியும் ஏற்கெனவே வந்து வராண்டாவில் நின்றிருந்தார்கள். யார் என்ன சொல்லியிருந்தார்களோ, மாமி என் பக்கம் திரும்பவில்லை. மச்சானின் குழந்தை ஒரு பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டு என் காலைக் கட்டிக்கொண்டது. அதைத் தூக்கும் தைரியம் எனக்கு வரவில்லை. சட்டையெல்லாம் அந்த வாடை.

என் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அவன் உள்ள கெடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"மேல."

"ஏன் உள்ள போவல?"

எனக்கு எவ்வளவோ பதில் இருந்தது. அந்த வாயு இப்படி, வகுப்பில் சொன்னது அப்படி, நானும் இறங்கியிருந்தால் இரண்டு ஜனாஸா தூக்க வேண்டியிருந்திருக்கும். எல்லாம் உண்மை. ஆனால் அவள் கேட்டது அதையல்ல.

"பயமா இருந்துச்சு" என்றேன்.

அவள் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் மச்சான் கண் விழித்து அவளை அடையாளம் கண்டு "லாத்தா" என்று சொன்ன பிறகுதான் என்னிடம் வந்தாள். "ஒங்க பயத்த வெச்சி நானும் அவனும் எத்தன தடவ சிரிச்சிருப்போம்" என்றாள். மாமிக்கு மட்டும் இன்றைக்கும் என்னிடம் பேசும்போது ஒரு தயக்கம் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெற்றவர்கள் எல்லாரும், அங்கே தாங்கள் நின்றிருந்தால் குதித்திருப்போம் என்றுதான் நினைப்பார்கள். குதித்தும் இருப்பார்கள்.

இரண்டு நாள் பொறுத்துப் படகுக்குப் போனேன். வேலை முடிக்க இல்லை. வேறு யாராவது அந்தக் கதவைத் திறந்து இறங்கிவிடுவார்களோ என்கிற பயம் என்னைத் தூங்கவிடவில்லை. கொக்கிக் கம்பால் டேங்க் மூடியைத் தள்ளி அமுக்கி மூடி, சதுரக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, ஜெட்டியில் நின்று படகின் விலாவைப் பார்த்தேன். காற்றுக் குழாயின் வாய் எங்கேயும் இல்லை. ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் சத்தம் மாறியது. மேலே பெயின்ட் வழவழவென்று இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அழகான வேலை.

"அண்ணே, இங்க ஒரு ஓட்ட இருந்துச்சா?"

டிரைவர் யோசித்தார். "ஆமா பாய். மழைக்கு முன்னால பெயின்ட் அடிக்கறப்ப ஃபைபர் வேல செய்யற நம்ம ஆளு பாத்துட்டு, ஐய, ஓட்டைய வெச்சிக்கினா ஆத்துல எறக்கனீங்கன்னு கேட்டாரு. அவரே பேஸ்ட் வெச்சி அடைச்சிட்டாரு. நாங்க சொல்லக்கூட இல்ல."

அந்த ஃபைபர்காரரை பக்கத்துப் படகுப் பட்டறையில் பார்த்தேன். கண்ணாடி நார்த் தூசு ஒட்டிய புருவத்தோடு ஒரு மீன்பிடி படகின் அடியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்குத்தான் போனேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, எவ்வளவோ பேசினேன். அவர் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓட்டன்னா தண்ணி வரும் பாய்" என்றார் கடைசியில். "எங்களுக்கு அது ஒண்ணுதான் தெரியும். காத்து போறதுக்குன்னு படகுல எவன் ஓட்ட போடுவான்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மீன்பிடி படகில் நல்லதுக்கு இருக்கிற ஓட்டை என்று ஒன்று கிடையாது. வாழ்க்கை முழுக்க ஓட்டையைக் கண்டால் அடைத்தவர், இதையும் அடைத்தார். என் கோபம் வந்த வழியே போய்விட்டது. இருவருமாகப் போய் அந்த இடத்தில் அவர் கையாலேயே துளை போட வைத்தேன். உள்ளிருந்து மூச்சு விடுவது போல ஒரு சத்தம் வெளியே வந்தது. நாங்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினோம்.

லாரி வந்து டேங்கைக் காலி செய்தது. பம்புக்குள் இருக்கிற ரப்பர் வால்வுகள் கிழிந்திருந்தன, அதை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு மச்சான் தேறட்டும் என்று தள்ளிப்போட்டேன். முதலாளி வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன் என்றார். வேறு ஆள் இறங்கக் கூடாது என்றேன்.

மச்சான் தேறி வந்தான். அடிக்கடி தலைவலி என்றான், சில சமயம் சொல்ல வந்த வார்த்தையை மறந்துவிடுவான். ஆனால் தானே வருவதாக அடம் பிடித்தான். அன்று காலையிலிருந்தே கதவைத் திறந்து வைத்து, புளோயரை ஓடவிட்டிருந்தேன். வாயு இருந்தால் கத்துகிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கி, கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தேன். கத்தவில்லை. திரும்ப இறக்கிப் பார்த்தேன். காற்று சுத்தமாக இருந்தது. மச்சான் ஸ்பேனரோடு சதுரக் கதவின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே தொங்கப் போட்டுக்கொண்டான்.

இறங்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"மச்சான்."

"சொல்லு."

"நான் எறங்கி, திரும்ப அந்த மாதிரி ஆயிட்டா நீங்க உள்ள வருவீங்களா?"

டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். வருவேன் என்று சொல்லிவிட்டால் போதும், அவன் சிரித்துக்கொண்டு இறங்கிவிடுவான். அவனிடம் எத்தனையோ சின்னச் சின்னப் பொய்கள் சொல்லியிருக்கிறேன்.

"மாட்டேன்டா" என்றேன்.

அவன் கீழே இருட்டைப் பார்த்தான். டேங்கைப் பார்த்தான். பிறகு மெதுவாக ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து, தளத்தில் சம்மணம் போட்டுக்கொண்டான். ஸ்பேனரை மடியில் வைத்து அதன் மேல் கைகளைக் கோத்துக்கொண்டான்.

"என்னால முடியல மச்சான். பயமா இருக்குது."

இதைத்தான் நான் அத்தனை வருஷமாக அவனுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது. கன்னத்தின் சதை துடிக்க, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. அவன் மடியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டேன். ஏணியில் காலை வைக்கும்போது வாய் பழையபடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மேலே நிற்பதைவிட உள்ளே இறங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது.